ஓடக்காரன் சொன்னது உண்மை

"நான் பகடையை உருட்டச் சொன்னாலே பொய்னு கண்டுபிடிச்சிடுறாங்க, டீச்சர்" என்றார் பெனடிக்ட்.

சுல்பிகாவுக்கு அவருடைய மகள் வயது. ஆனாலும் பேக்கரி மாடியில் இருந்த அந்த மேசைக்கு அவள்தான் குரு.

ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் கதைக்குள் ஆட்களாக வாழும் விளையாட்டு அது. கதையில் வருபவன் பேச்சில் சந்தேகம் வந்தால் பகடை உருட்டலாம். பெரிய எண் விழுந்தால் அவன் மனம் தெரிந்துவிடும். சின்ன எண் விழுந்தால் தெரியாது; பொய்யும் உண்மைபோலத்தான் தோன்றும்.

மறுநாள் சுல்பிகாவுக்கு அறுவை சிகிச்சை. அவள் திரும்பும்வரை கதை சொல்லும் வேலை பெனடிக்டுக்கு.

திரும்புவாளா என்று மேசையில் யாரும் கேட்கவில்லை.

"பொய் சொல்றவனுக்கு மட்டும் உருட்டச் சொன்னா தெரியாம என்ன செய்யும், அண்ணே? உண்மைக்கும் உருட்டச் சொல்லுங்க" என்றாள் சுல்பிகா.

அன்று மாலை ஆட்டத்தில் அப்படியே செய்தார்.

மேசையில் எப்போதும் நிற்கும் அட்டை மறைப்பை மட்டும் மடக்கி வைத்தார். சுல்பிகா அதற்குப் பின்னால்தான் உருட்டுவாள். அவருக்கு அது பிடிக்காது. நம் ஆட்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது?

கதையில் ஓர் ஓடக்காரன் வந்தான். பாலம் இற்றுப்போய்விட்டது, ஏறாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டான். அவன் சொன்னது உண்மை.

பெனடிக்ட் உருட்டச் சொன்னார். எல்லோர் கண்முன்னும் மூன்று விழுந்தது; சின்ன எண்.

அவன் உண்மை சொல்வதுபோலத்தான் தெரிகிறது என்றார்.

ஆட வந்திருந்த ஜெசிந்தா சிரித்தாள். மூன்று விழுந்த பிறகும் அண்ணன் யாருக்குக் காது குத்துகிறார் என்று கேட்டாள். ஓடக்காரனைக் கேலி பேசிக்கொண்டே எல்லோரும் பாலத்தில் ஏறினார்கள்.

ஒருவரும் கரை சேரவில்லை.

ஜெசிந்தா தன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மற்றவர்களும் போனார்கள்.

"பாவம் டீச்சர், அவன் நல்லவன்" என்றார் பெனடிக்ட். "எண்ணைப் பார்த்தவங்க அவன் முகத்தைப் பார்க்கல."

சுல்பிகா பகடைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கையைத் தூக்கியபோது மெலிந்த கையில் வளையல் முழங்கைவரை வழுக்கிப் போனது.

அதைப் பார்த்ததும் அவர் அதுவரை விழுங்கி வைத்திருந்த கேள்வி வெளியே வந்துவிட்டது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"சரியாயிடும்னு சொன்னார், அண்ணே."

பெனடிக்ட் அவளையே பார்த்தார்.

அவள் மடக்கிக் கிடந்த மறைப்பை எடுத்து, தங்கள் இருவருக்கும் நடுவே விரித்து நிறுத்தினாள். அதன் பின்னால் பகடை உருண்டு நிற்கும் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"நம்பலாம் போலத்தான் இருக்கு" என்றாள்.

மறைப்பு ஒரு சாண் உயரம்தான். எழுந்து நின்றாலே எண் தெரிந்துவிடும்.

பெனடிக்ட் உட்கார்ந்தே இருந்தார்.