முதுகைத் திருப்பிக்கிட்ட ஊரு

ஒரு காட்டு ஓரத்துல ஒரு ஊரு இருந்துச்சாம். அங்க பேச்சின்னு ஒரு உப்புக்காரி இருந்தாளாம். அவ காட்டோரப் பாறை மேல உப்பை வச்சிட்டு, முதுகைத் திருப்பிக்கிட்டு நிப்பா. பின்னாடி சருகு சத்தம் கேக்கும். சத்தம் அடங்கினதும் திரும்பினா உப்பு இருக்காது, தேன் இருக்கும். வச்சது யாரு? அவ பாத்ததில்ல, அவ ஆத்தாளும் பாத்ததில்ல. காட்டுச் சனங்களுக்கு நம்ம கண்ணுல பட இஷ்டமில்ல, நாம பாக்கக் கூடாது, அம்புட்டுத்தான்.

அந்த நாட்டு ராசாவுக்குப் பெரிய மண்டபம் கட்ட ஆசை வந்துச்சு. ஊர்ச் சனத்தைக் கூப்பிட்டுக் காட்டை வெட்டுங்கடான்னுட்டான். பேச்சி ஓடிப்போய்க் கால்ல விழுந்தா.

"சாமி, உள்ள சனங்க இருக்காங்க சாமி!"

"நீ பாத்தியா?"

"பாக்கல சாமி."

"வேற யாராச்சும்?"

"யாரும் பாக்கல."

"கண்ணுல படாதவன் இல்லாதவன். வெட்டுங்கடா!"

கேட்டீங்களா பேச்சை!

முதல் நாள் வெட்டுன இடத்துல ஒரு அடுப்பு, சாம்பல் இன்னும் சுடுது. "எவனோ வழிப்போக்கன், வெட்டு"ன்னான் ராசா. மறுநாள் ஈர மண்ணுல சின்னச் சின்னக் காலடி. "குரங்கா இருக்கும், வெட்டு"ன்னான். மூணாம் நாள் ஒரு பெரிய மரத்துல கோடாலி பாதி இறங்கிருச்சு, அப்போ மேல வீல்னு ஒரு அழுகை. அண்ணாந்து பாத்தா மரப்பட்டைத் தொட்டில், அதுக்குள்ள பச்சப்புள்ள! ஐயோ, வெட்டுனவன் ஓங்கின கோடாலியை அப்படியே நிறுத்திட்டான். ராசா என்ன சொன்னான் தெரியுமா? "ஒரு புள்ளதானே, வெட்டு"ன்னான். அடப்பாவி! மனுசன் வாயில வர்ற பேச்சாடா இது?

பேச்சி கத்தினா: "கோடாலியைப் போட்டுட்டுத் திரும்பி நில்லுங்கய்யா! நாம பாத்துக்கிட்டு இருந்தா பெத்தவ வரமாட்டா!"

அத்தனை பேரும் திரும்பிட்டாங்க, ராசாவோட சேவகனுங்களும் திரும்பிட்டாங்க. ராசா அவங்களுக்கு முன்னாடி ஓடியாந்து, ஒவ்வொருத்தன் தோளையும் பிடிச்சு உலுக்கினான். "என்னைப் பாருடா, நான் ராசாடா!" அவங்க கண்ணை இறுக்க மூடிக்கிட்டாங்க.

"ராசாவாம்ல, நீ பாத்தியா?"

"பாக்கலியே. நீ?"

"நானும் பாக்கல."

"அப்போ இல்ல."

பின்னாடி சருகு சத்தம் கேட்டுச்சு. அழுகை நின்னுச்சு. திரும்பிப் பாத்தா தொட்டில் காலி.

அன்னையிலிருந்து ராசாவை யாரும் பாக்கல. கூப்பிட்டா வர ஆளில்ல, பல்லக்குத் தூக்க ஆளில்ல, சோறு போட ஆளில்ல. நான் இருக்கேன், நான் இருக்கேன்னு கத்திக்கிட்டே நாட்டை விட்டுப் போயிட்டான். பேச்சி மறுபடி பாறையில உப்பு வச்சா.

கண்ணுல படலேன்னு யாரையும் இல்லேன்னு சொல்லிராதீங்க கண்ணுங்களா. கதை காட்டுக்குள்ள போயிருச்சு, நாம முதுகைத் திருப்பிக்கிட்டுத் தூங்குவோம்.