பசுக்கள் கொடுத்த புகார்

மழை எப்போதாவது மனசு வைத்தால்தான் எட்டிப் பார்க்கும் வெள்ளைக்கரடு நாட்டை முன்னொரு காலத்தில் சண்டமாருதன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். பெயருக்கேற்ற ஆள். காலையில் ஒருவனுக்குப் பல்லக்குக் கொடுப்பான், மாலையில் அவனையே அந்தப் பல்லக்கைத் தூக்கச் சொல்வான். மந்திரி செவ்வந்தியப்பருக்குத் தலை நரைத்தது வயதால் அல்ல என்று ஊரே பேசிக்கொண்டது.

ராஜாவுக்குப் பசுக்கள் என்றால் உயிர். அந்த வருஷம் அரண்மனைப் பசுக்கள் எலும்பும் தோலுமாகிவிட்டன. பாயசத்துக்குப் பால் குறைந்த அன்றே சபையைக் கூட்டிவிட்டான்.

“என் பசுக்களின் புல்லைத் தின்பது யார்?”

தொழுவத்து அதிகாரி கனகராயர் முன்னால் வந்தார். மந்திரியின் முத்திரை மோதிரத்தின் மேல் அவருக்கு நெடுநாளாகவே ஒரு கண்.

“மான்கள்தான் மகாராஜா. மேய்ச்சல் காட்டின் முள்வேலியைத் தாண்டிக் குதித்து உள்ளே வந்து மேய்கின்றன. ஒன்று விடாமல் வேட்டையாடிவிட்டால் புல் தானாக மிஞ்சும்.”

“நாளைக்கே வேட்டை” என்றான் ராஜா.

செவ்வந்தியப்பர் எழுந்தார். அந்தப் பொட்டல் வெளியில் கண்ணுக்கு அழகாக இருந்ததே அந்த மான் கூட்டம் ஒன்றுதான்.

“மகாராஜா, மான்கள் இன்று நேற்றா வந்தன? போன வருஷம் வரை மானும் மேய்ந்தது, மாடும் மேய்ந்தது. பசுக்கள் கொழுகொழுவென்றுதானே இருந்தன?”

“மந்திரியார் மான்களுக்கு மாமன் முறை போலிருக்கிறது” என்றார் கனகராயர். சபை சிரித்தது.

ராஜாவும் சிரித்தான். “சரி, மந்திரியாரே. பொழுது சாய்வதற்குள் வேறு திருடனைக் காட்டும். இல்லாவிட்டால் மோதிரத்தைக் கழற்றிக் கனகராயரிடம் கொடுத்துவிட்டு, என் வேட்டை நாய்களுக்குச் சோறு வைக்கப் போய்விடும்.”

மந்திரி உச்சி வெயிலில் மேய்ச்சல் காட்டுக்குப் போனார். கொழுக்கட்டைப் புல் மொட்டையடித்தது போல் கிடந்தது. மான்களோ தூரத்தில் வேல மரத்தடியில் உதிர்ந்த நெற்றுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. புல்லுக்கு வந்தாலும் நாலு வாய் கடித்துவிட்டு நகர்ந்துவிட்டன. மாடுகள்தான் தலையைத் தூக்காமல் வேர் வரை மேய்ந்தன. எல்லாவற்றின் தொடையிலும் அரண்மனைச் சூட்டுக்குறி இருந்தது.

வெயில் இறங்கியதும் மடி கனத்த பசுக்கள் தொழுவத்தில் விட்டு வந்த கன்றுகளை நினைத்துக் கத்தத் தொடங்கின. அரண்மனைத் தொழுவம் இருப்பது கிழக்கே. ஆனால் பாதிக்கு மேற்பட்ட பசுக்கள் மேற்கே பார்த்துக் கத்தின. மேற்கே யாருடைய தொழுவம் என்று யோசித்த செவ்வந்தியப்பர் அப்படியே நின்று சிரித்துவிட்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அரண்மனைக்கு ஓடினார்.

“மகாராஜா, புல் பறிபோனது கனகராயருக்கா, பசுக்களுக்கா?”

“பசுக்களுக்கு.”

“அப்படியானால் புகார்க்காரர் நேரில் வர வேண்டாமா? காட்டு வேலியின் வாசலில் இருக்கிற படலைத் திறந்துவிடுவோம். பசுக்களே தங்கள் எஜமானர் வாசலுக்குப் போய் முறையிடட்டும்.”

இப்படியொரு வேடிக்கை என்றால் ராஜாவுக்குச் சோறு கூட வேண்டாம். உடனே குதிரை பூட்டச் சொன்னான். கனகராயருக்கு முகம் வெளுத்தது.

“மகாராஜா, மாடுகள் வழி தவறிவிடும். என் ஆட்கள் ஓட்டி வரட்டும்.”

“புகார்க்காரருக்கு யாரும் பேச்சுச் சொல்லிக் கொடுக்கக் கூடாது கனகராயரே” என்றார் மந்திரி. “தினமும் போகிற வழிதானே?”

“கன்று நினைப்பில் மிரண்டு ஓடினால்?”

“கன்று நினைப்பிருந்தால் இன்னும் நேராகப் போகும்.”

பொழுது சாய்கிற நேரத்தில் படல் திறந்தது. சில பசுக்கள் கிழக்கே திரும்பி அரண்மனை வழியில் ஆடி அசைந்து நடந்தன. மற்றவை எல்லாம் மேற்கே திரும்பிப் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடின. ராஜா அவற்றின் பின்னால் குதிரையை விட்டான். அவை போய் நின்ற இடம் கனகராயரின் பண்ணை. அங்கே கட்டியிருந்த கன்றுகள் வாயில் நுரை தள்ளப் பால் குடித்தன.

தன் மாடுகளுக்கெல்லாம் அரண்மனைச் சூடு போட்டு ராஜாவின் காட்டில் மேயவிட்டிருக்கிறார் மனிதர். தினமும் மாலையில் அவருடைய ஆட்கள் படலருகே பிரித்து ஓட்டி வந்துவிடுவதால் யாருக்கும் தெரியவில்லை.

“கனகராயரே, என் சூடு போட்ட பசு உம்முடைய கன்றுக்குப் பால் கொடுக்கிறதே?”

“அது… ஒரு பாசம் மகாராஜா.”

“புகார் வந்து சேர்ந்துவிட்டது” என்றார் மந்திரி மூச்சு வாங்கிக்கொண்டே. “வாசல்தான் மாறிவிட்டது.”

ராஜா வாளை உருவினான். மந்திரி கையைப் பிடித்து அமர்த்தினார். அடுத்த கணமே ராஜாவின் மனசு மறுபக்கம் சாய்ந்தது. “இந்த மாடுகளெல்லாம் இனி உம்முடையவை மந்திரியாரே.”

“வேண்டாம் மகாராஜா. என் பேரில் மேய்ந்தாலும் அதே வாய்கள்தான். புல் மிஞ்சிக் கிடக்கிற மலையடிவாரத்து ஊர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். நம் காட்டை வேலி போட்டு இரண்டாகப் பிரிப்போம். ஒரு பக்கம் மாடு மேயட்டும், மறுபக்கம் புல் விதை உதிரும் வரை படல் மூடியிருக்கட்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம்.”

“மான்கள்?”

“பொய் சொல்ல மாட்டேன். மழை பொய்த்தால் மானும் மாடும் ஒரே புல்லுக்குத்தான் வரும். அதனால்தான் மாடுகளை அளவோடு வைக்கச் சொல்கிறேன். மான் கடிக்கிற நாலு வாய் அதன் பங்கு.”

“அப்படியே ஆகட்டும். மூடிய படலுக்குக் கனகராயர்தான் காவல். மாடு வந்தால் மறிக்க வேண்டும். மான் தாண்டினால் எழுந்து நின்று கும்பிட வேண்டும்.”

அந்த ஐப்பசியில் மழை கொட்டியது. முழங்கால் உயரத்துக்குப் புல் நின்றது, பசுக்கள் பளபளத்தன, மான்கள் குட்டிகளோடு வேலி தாண்டின. கும்பிட்டுக் கும்பிட்டுக் கனகராயருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பாயசம் மறுபடி கெட்டியானது. முதல் கிண்ணத்தை ராஜா தன் கையாலேயே மோதிரம் மின்னிய மந்திரியின் கையில் கொடுத்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி நின்ற காவல்காரரைப் பார்த்தான்.

“பசுக்களிடமிருந்து ஏதாவது புகார் உண்டா கனகராயரே?”

“ஒரு பசு என்னிடம் வந்து நின்றது மகாராஜா” என்றார் கனகராயர் தலையைக் குனிந்துகொண்டு. “வாய் நிறையப் புல். ஒன்றும் சொல்லவில்லை.”