தோணி மாறிய எயினன்

கேளுங்கள் பெரியோரே, கேளுங்கள் பிள்ளைகளே! கடல் முத்தை வாரி வாரித் தந்த காலம் அது. நித்திலத்துறை என்ற பட்டினத்தை நெடுங்கோ என்ற அரசன் ஆண்டு வந்தான். அங்கே முத்துக் குளிப்பவர்களில் எயினனை மிஞ்ச ஆளில்லை. மூச்சடக்கி மூழ்கினான் என்றால் கை நிறையச் சிப்பியோடுதான் மேலே வருவான்.

எயினன் வல்லானின் தோணியில் வேலை செய்தான். தோணித் தலைவன் வல்லான் கடுமையானவன். சிப்பி குறைந்தால் கஞ்சி கிடையாது. களைப்பு என்றால் மறுநாள் முதல் ஆளாய் மூழ்க வேண்டும். ஆபத்து என்று அடியிலிருந்து இடுப்பில் கட்டிய கயிற்றை அசைத்தாலோ, "வந்துவிட்டான் பாருங்கள் பயந்தாங்கொள்ளி!" என்று எல்லோர் முன்னும் ஏளனம் செய்வான்.

நாளாக ஆக எயினனுக்கு உறக்கம் போயிற்று. பசி போயிற்று. மனைவி பெயர் சொல்லி அழைத்தாலும் திடுக்கிட்டான்.

ஒருநாள் கடலடியில் ஒரு கரிய உருவம் அசைந்தது. கயிற்றை அசைக்கக் கை போனது. வல்லானின் சிரிப்பு காதில் கேட்டது. கை நின்றது. அந்தக் கணத்தில் சுறா அவன் தோழன் சேந்தனின் காலைக் கவ்வியது. சேந்தன் உயிர் தப்பினான், கால் போயிற்று.

"இந்தக் கோழையால் வந்த கேடு! இவனைத் துறையை விட்டே துரத்துங்கள்" என்று வல்லான் அரசனிடம் முறையிட்டான். எயினன் நின்று நடுங்குவதை அரசவையே பார்த்தது.

அரசன் யோசித்தான். "மருதியின் தோணியில் மூன்று நாள் மூழ்கட்டும். மூன்றாம் நாள் நானே வந்து பார்க்கிறேன்" என்றான்.

மருதி, கணவனுக்குப் பின் தோணியைத் தானே நடத்தியவள். எயினனிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "கயிற்றை அசைத்தால் தூக்கிவிடுவேன் அண்ணா. ஏன் என்று மேலே வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்."

முதல் நாள் ஒரு நிழலைக் கண்டு கயிற்றை அசைத்தான். தூக்கினார்கள். பார்த்தால், அது வெறும் கடற்பாசி! எயினன் தலை குனிந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. "பாசியா? நல்லதாய்ப் போயிற்று. கஞ்சி குடியுங்கள்" என்றாள் மருதி.

இரண்டாம் நாளும் அசைத்தான். அது மீன் கூட்டம். அன்றும் கஞ்சி வந்தது. அன்றிரவு எயினன் விடியும்வரை உறங்கினான்.

மூன்றாம் நாள் அரசனின் படகு வந்து நின்றது. எயினன் மூழ்கினான். இம்முறை மெய்யாகவே சுறா! உடனே அசைத்தான். மருதி தன் ஆட்கள் அத்தனை பேரையும் மேலே தூக்கினாள். பக்கத்திலேயே வல்லானின் தோணி. அதன் ஆள் ஒருவன் இன்னும் அடியில் இருந்தான்.

"சுறா! உங்கள் ஆளைத் தூக்குங்கள்!" என்று கத்தினான் எயினன்.

"சிப்பி நிறையாமல் எவனும் மேலே வரக்கூடாது" என்றான் வல்லான்.

எயினன் மருதியைப் பார்த்தான். "போங்கள் அண்ணா, கயிறு என் கையில்" என்றாள்.

பாய்ந்தான். அடியில் அந்த ஆள் சுறாவைப் பார்த்தபடியே, கயிற்றைப் பிடித்தும் அசைக்காமல் உறைந்திருந்தான். வல்லான் தூக்கமாட்டான் என்று எயினன் அவன் இடுப்புக் கயிற்றைத் தன் கத்தியால் அறுத்து, அவனை அணைத்துக்கொண்டு தன் கயிற்றை அசைத்தான். சுறாவின் வால் உரச இருவரும் மேலே வந்தார்கள். கடல் முழுக்க ஆரவாரம் எழுந்தது.

"நீ ஏன் கயிற்றை அசைக்கவில்லை?" என்று மீட்கப்பட்டவனை அரசன் கேட்டான். அவன் வல்லானைப் பார்த்தான். நடுங்கினான். அரசனுக்கு அதுவே போதுமாயிருந்தது.

பிறகு எயினனிடம் திரும்பினான். "அன்று அவையில் நடுங்கியவனும் நீ. இன்று சுறாவின் முன் பாய்ந்தவனும் நீ. நடுவில் என்ன மருந்து தின்றாய்?"

எயினன் நெஞ்சை நிமிர்த்தினான். "மருந்து எதுவும் தின்னவில்லை அரசே. தோணி மாறினேன்."

அரசன் ஆணையால் வல்லானின் தோணி அன்றே எயினன் பொறுப்புக்கு வந்தது. அவன் அதில் ஏறி, ஒடுங்கி நின்றவர்களிடம் முதலில் கேட்டது இதுதான்: "உங்களில் யாருக்குத் தூக்கம் வருவதில்லை?"

தயங்கித் தயங்கி ஒரு கை உயர்ந்தது. பிறகு எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"சரி, இன்று யாரும் மூழ்க வேண்டாம். உட்காருங்கள், பேசுவோம்" என்றான் எயினன்.

அச்சமில்லாமல் வாய் திறக்க இடமுள்ள வேலைத்தலத்தில்தான் மனிதரின் மனமும் உயிரும் பத்திரமாக இருக்கும்.