அறுபது சூத்திரமும் தெய்வானையக்காவும்

தெய்வானையக்கா சொன்ன இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை. ஆனால் அதன் பலனை அனுபவித்தவன் நான்தான்.

அக்கா கோவையில் லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் டிப்ளமோ சேர்ந்தார். கணிதப் பேராசிரியர் சுந்தரவடிவேலு ஒரு சட்டம் வைத்திருந்தார்: திரிகோணமிதிச் சூத்திரங்கள் அறுபதையும் ஒப்பிக்காதவருக்கு நுண்கணித வகுப்பில் இடமில்லை.

அக்காவுக்குத் தெரிந்தவை ஆறு. இரும்பைச் சாய்வாகக் கடைய அவையே போதுமாயிருந்தன.

“ஆறை வெச்சுட்டு நுண்கணிதமா? அடுத்த வருஷம் வாம்மா.”

அடுத்த வருடமும் அக்காவை வகுப்புக்குச் சீக்கிரம் விடப் பட்டறை முதலாளி சம்மதிக்கமாட்டார்.

“பாடத்தை நடத்துங்க சார். எந்த வரியில எனக்குத் தெரியாத சூத்திரம் வருதோ, அங்கயே எந்திரிச்சுப் போயிடறனுங்க.”

வகுப்பு கைதட்டியது, அவர் ஒப்புக்கொண்டார். சரிவு வந்தது, வேகம் வந்தது, பரப்பளவு வந்தது. ஒவ்வொரு வரிக்கும் அவர் திரும்பிப் பார்ப்பார், அக்கா உட்கார்ந்திருப்பார். மூன்றாம் மாதம் பேராசிரியர் பொறுக்காமல், அறுபதில் மிக நீளமான சூத்திரம் கேட்கும் கணக்கைப் போட்டார். பாதியில் அவருக்கே மறந்துவிட்டது. நோட்டைத் திறந்தார்.

“பாத்து எழுதலாமுங்களா சார்? அப்ப நானும் பாத்தே எழுதிக்கறனுங்க.”

அவரே சிரித்துவிட்டாராம். சட்டமும் போனது. மறு வருடம் ஐந்தே சூத்திரங்களோடு அந்த வகுப்பில் நுழைந்தேன். இன்று நான் சாப்பிடும் சோறு அந்த வகுப்பு போட்டது.

அந்த நன்றியால்தான் இத்தனை நாள் கேட்கவில்லை. போன வாரம் கேட்டுவிட்டேன்: “ஏனுங்கக்கா, சார் நோட்டத் தொறக்கறதுக்கு முந்தி ஒரு வரியிலயாவது தெரியாத சூத்திரம் வந்து, எந்திரிக்காம உக்காந்திருந்தீங்களா?”