புது லேப்டாப்பில் பழைய குரல்

தென்காசியில், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், முபீனாவின் லேப்டாப் சர்வீஸ் கடை. அங்கே குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பத்து மூன்று.

சீடர் பூதத்தான் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர். பனிமலையில் அறுந்துபோன கம்பியைக் கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் முறுக்கிக் கட்டியவர். ஓய்வு பெற்றபின் சும்மா இருக்க உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. வேலை கற்றுக்கொள்ள வந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் முபீனாவை டீச்சர் என்பார். முபீனா அவரை அண்ணாச்சி என்பார்.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. தன் கை பட்டுப் போகிற லேப்டாப் எதுவும் அன்றைய தேதிக்குப் புத்தம் புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் பதிப்போடுதான் கடைவாசல் தாண்டும். யார் கேட்டாலும் மார்பு நிமிர்த்திச் சொல்வார்.

ஒரு புதன்கிழமை காலை வெள்ளத்தாய் வந்தார். பார்வையற்றோர் பள்ளியில் பிரெய்ல் அச்சுப் பிரிவு அவர் பொறுப்பு. அவருக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆசிரியர்கள் தட்டிக் கொடுக்கும் பாடமும் கேள்வித்தாளும் அவர் சரிபார்த்து அனுப்பினால்தான் பிரிண்டரில் புள்ளி புள்ளியாக வெளியே வரும். பதினொரு வருஷம் உழைத்த லேப்டாப் போன வாரம் செத்துவிட்டது. பள்ளியில் படித்துப் போனவர்கள் சேர்ந்து புதிது ஒன்று வாங்கித் தந்திருந்தார்கள். அதையும், பிரிண்டரையும், ஒரு பழைய டிவிடியையும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"திங்கக்கிழமை அரையாண்டுப் பரீட்சை," என்றார். "இந்தப் புதுசுல, டிவிடியில இருக்கிற பழைய பதிப்பைப் போட்டுத் தரணும்."

பூதத்தான் லேப்டாப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். மேலே ஒட்டிய தாள்கூட உரிக்கப்படவில்லை.

"இதுக்கா? நேத்துப் பொறந்த பிள்ளைக்குத் தாத்தா சட்டையை மாட்டச் சொல்றீங்களேம்மா."

வெள்ளத்தாய் சிரித்தார். "என் பிரிண்டருக்கு அந்தத் தாத்தாகிட்டதான் பேச வரும் சார். எனக்கு வாசிச்சுக் காட்டுற குரலும் அவர்கிட்டதான் இருக்கு."

"புதுசுலயே ஓட வைக்கிறேன். ஒரு நாள் குடுங்க." சொல்லிவிட்டு அவர் குருவைப் பார்த்தார்.

முபீனா வெள்ளத்தாயிடம் ஒன்று மட்டும் கேட்டார். "இதுல நெட் கனெக்‌ஷன் போடுவீங்களாக்கா?"

"போடவே மாட்டேன். உள்ள கேள்வித்தாள் இருக்குமே."

"அப்போ பழசு போட்டாலும் வைரஸ் பயமில்லை," என்ற முபீனா, சீடர் பக்கம் திரும்பினார். "ஒரு நாள்தானே அண்ணாச்சி? செஞ்சு பாருங்க."

பூதத்தான் அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை. அந்தப் பிரிண்டரைச் செய்த கம்பெனி மூடி வருஷக்கணக்காகிவிட்டது. புதிய பதிப்பைப் பிரிண்டரோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருளை அவர்கள் எழுதவே இல்லை. அதே சாயலில் இருந்த வேறொரு பிரிண்டரின் டிரைவரைத் தேடிப் பிடித்து ஏற்றினார். சாயங்காலம் பிரிண்டர் கடகடவென்று ஓடியது. தாள் முழுக்கப் புள்ளிகள், அணிவகுப்பு மாதிரி வரிசை பிசகாமல் விழுந்திருந்தன.

மறுநாள் காலை அந்தத் தாளை வெள்ளத்தாயின் கையில் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

வெள்ளத்தாயின் விரல் முதல் வரியில் ஓடியது. நின்றது. திரும்ப வந்து மறுபடி ஓடியது.

"புள்ளியெல்லாம் அழகா விழுந்திருக்கு சார்," என்றார் மெதுவாக. "எழுத்துதான் ஒண்ணும் இல்லை."

பூதத்தானின் முகம் சுண்டிப்போனது.

"பழசையே போட்டுருவோம் அண்ணாச்சி," என்றார் முபீனா. "நீங்களே போடுங்க."

"அதுல என்ன இருக்கு டீச்சர்? அரைமணி நேர வேலை."

"புதுசை அழிக்கிறதுக்கு முன்னாடி அதை அப்படியே ஒரு காப்பி எடுத்து வைங்க. என்னைக்காவது வேணும்னு கேப்பாங்க."

காப்பி எடுத்தார். டிவிடியில் இருந்ததைப் பென் டிரைவுக்கு மாற்றிச் செருகினார். திரையில் ஒரு வரி வந்தது. இந்தக் கணினியில் டிஸ்க் எதுவும் இல்லை.

எல்லாவற்றையும் சேமிக்கும் அந்த டிஸ்க் உள்ளேதான் இருந்தது. அவர் திருகாணிகளைக் கழற்றித் தன் கண்ணாலேயே பார்த்தார். மூடிவிட்டு மறுபடி செருகினார். மறுபடியும் அதே வரி. மூன்றாவது தடவை, செருகியிருந்த பென் டிரைவையே தெரியவில்லை என்றது.

வியாழன் அப்படியே போனது. அரைமணி நேர வேலை என்று சொன்னது அவருக்கே கேட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளி காலை குருவிடம் போய் நின்றார். "இது முரண்டு பிடிக்குது டீச்சர். கண்ணு முன்னால இருக்கிறதை இல்லைங்குது."

முபீனா ஒரு மதர்போர்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அண்ணாச்சி, உங்களை முதல்ல எல்லைக்கு அனுப்பினாங்களே. அங்க உள்ளவங்க பேசுறது புரிஞ்சுதா?"

"ஒரு வார்த்தை புரியலை. தண்ணி கேக்கத் தெரியாம ரெண்டு நாள் சைகை காட்டினேன்."

"முரண்டு பிடிச்சீங்களா?"

"இல்லை. தெரியலை, அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"எங்க சுபேதார் ஒரு சின்ன நோட்டுல முப்பது வார்த்தை எழுதிக் குடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னார்."

முபீனா பற்றவைப்பதை நிறுத்தவில்லை. பூதத்தான் லேப்டாப் பக்கம் திரும்பினார். பிறகு போய் உட்கார்ந்தார்.

அந்தப் பதிப்பு வந்த காலத்தில் இந்த மாதிரி டிஸ்க் உலகத்திலேயே இல்லை. அதற்குத் தெரியாததையெல்லாம் முதலிலேயே சொல்லிக்கொடுத்துப் பென் டிரைவில் கட்டி வைக்க வேண்டியிருந்தது. டிஸ்க்குக்கு ஒன்று, பென் டிரைவ் செருகும் துளைக்கு ஒன்று, திரைக்கு ஒன்று என்று டிரைவர்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தார். ஏழாவது தடவை டிஸ்க் தெரிந்தது. சாயங்காலம் நாலு மணிக்குப் பழைய பதிப்பு புது லேப்டாப்பில் எழுந்து உட்கார்ந்தது. திரை பளிச்சென்று இருந்தது. எழுத்து கண்ணாடியில் செதுக்கின மாதிரி கூர்மையாகத் தெரிந்தது.

"டீச்சர்!"

ராணுவத்தில்கூட அவர் யாரையும் அவ்வளவு உரக்கக் கூப்பிட்டதில்லை.

முபீனா வந்தார். பார்த்தார். கையை நீட்டி, திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போனார். திரை முழுசாக இருண்டது.

"இப்போ காட்டுங்க அண்ணாச்சி."

பூதத்தான் சாவிகளைத் தட்டினார். லேப்டாப்பிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சவுண்டுக்கான டிரைவரை அவர் தேடவே இல்லை. கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். வெளிச்சத்தைக் கூட்டி, வேண்டியதைத் தேடினார். கிடைத்ததை ஏற்றியதும் தானாகவே திரையை இருட்டாக்கி, காதைக் கிட்டே வைத்துத் தட்டிப் பார்த்தார். முதலில் வந்தது கரகரப்பு. அதைக் கழித்து இன்னொன்றை ஏற்றினார். கடையை அடைக்கும் நேரத்தில் ஒரு பெண் குரல் தெளிவாக, "தொடக்கம்" என்றது.

சனிக்கிழமை வெள்ளத்தாய் வந்தார். பூதத்தான் லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தார். எங்கே எது இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் வெள்ளத்தாயின் விரல்கள் சாவிகளில் இறங்கிவிட்டன. குரல் பேச ஆரம்பித்தது. அவர் இரண்டு சாவியைத் தட்ட, குரல் வேகமெடுத்தது. இன்னும் தட்ட, இன்னும் வேகம். கடைசியில் அது தமிழ்தானா என்றே பூதத்தானுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் மோர்ஸ் தந்தி கேட்ட காதுக்கே பிடிபடவில்லை. வெள்ளத்தாய் தலையைக் கொஞ்சம் சாய்த்து, பக்கத்துவீட்டுக்காரி பேசுவதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளியிலிருந்து கொண்டுவந்த பென் டிரைவைச் செருகினார். பிரிண்டர் ஓடியது. முதல் தாளை எடுத்து விரலால் வாசித்தார்.

"ஆறாம் வகுப்பு சமூக அறிவியல். நாலாவது கேள்வி." உதட்டைப் பிதுக்கினார். "'தமிழ்நாட்டின் நிதிகள்'னு வந்திருக்கு. நதிகள்னுல்ல வரணும். தட்டிக் குடுத்தவங்க கண்ணால பாத்துட்டு விட்டுருக்காங்க."

திருத்தினார். மறுபடி அச்சடித்தார். மறுபடி வாசித்தார். "என் தாள்ல இதுவரைக்கும் ஒரு புள்ளி தப்பினதில்லை," என்றார். யாரிடமும் சொல்லவில்லை; தாளிடம் சொன்னார்.

ஒரு மணி நேரம் அந்தக் கடையில் வேறு யாரும் இருப்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. மூன்று வகுப்புக் கேள்வித்தாள் முடிந்தது. ஆட்டோ வந்து ஹாரன் அடித்ததும் பரபரவென்று எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். பூதத்தான் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் வைத்தார். ஏறி உட்காரும்போதும் வெள்ளத்தாய் மீதி வகுப்புகளைத்தான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஆட்டோ போய்விட்டது.

பூதத்தான் உள்ளே வந்து வெறும் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனசுக்குள் ஒன்று நிமிர்ந்து நின்றது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"டீச்சர், நாளைக்கு முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துல கூட்டம். இந்த வாரம் என்ன செஞ்சேன்னு கேப்பாங்க. நாலு நாள் உட்கார்ந்து ஒரு புது லேப்டாப்பைப் பத்து வருஷம் பின்னால கொண்டு போனேன்னா சொல்ல?"

"அக்கா போகும்போது என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. நல்லா இருக்குன்னுகூடச் சொல்லலை. உக்காந்தாங்க, தட்டினாங்க. நான் ஒருத்தன் பக்கத்துல நிக்கிறதையே மறந்துட்டாங்க."

முபீனா கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"அதைச் சொல்லுங்க அண்ணாச்சி."