வெண்டைச் சாறு கைகோத்த கதை

பிசினுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், கரிசல் காட்டுச் செடி கொடிகளின் சாறெல்லாம் தண்ணீராகவே ஓடியது. அதைக் குடித்தே கொழுத்தாள் எறும்புகளின் ராணி செங்கொடுக்கி. அவள் படை துளை போட்டால் சாறு தானாகப் புற்றுக்கு வழிந்துவிட வேண்டும்.

அதுவும் அவளுக்குப் போதவில்லை. "வெறும் தண்ணிய எதுக்குடி சுமக்கீங்க? வேருக்குத் தண்ணி போகாம அடைங்க. வெயில்ல சாறு சுண்டட்டும், கெட்டியாக் குடிப்போம்" என்றாள்.

முதலில் கருவேலம் சாறு சுண்டியது. அந்தச் சாற்றுக்குள் வாழ்ந்த பிசின் மக்களுக்கு ஏகப்பட்ட கைகள். எல்லாவற்றையும் உடம்போடு மடக்கி உருண்டையானார்கள். எவ்வளவு நெருக்கினாலும் ஒருவரோடொருவர் சிக்காமல் உருண்டு, துளை வழியே புற்றுக்கே ஓடினார்கள். "ஒதுங்கிப் போனாப் பொழச்சுக்கலாம்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். பிழைப்புதான், என்ன பிழைப்போ!

அடுத்தது வெண்டை. அதன் சாற்றில் இருந்தவர்கள் நூல் போல நெட்டையானவர்கள். தண்ணீர் தாராளமாக இருந்தவரை ஆளுக்கொரு பக்கம் மிதந்தார்கள். பக்கத்து நூலின் பெயர்கூடத் தெரியாது. நீர் சுண்டச் சுண்ட ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். காய்க்குள்ளே பிஞ்சு விதைகள் தாகத்தில் அழுதன. மிஞ்சிய சாறும் போனால் அவை செத்துவிடும்.

நீளி என்ற நூலுக்குக் கோபம் பொங்கியது. "இம்புட்டு நாளும் தனித்தனியாக் கெடந்தோம். இப்பத்தான் பக்கத்துல வந்துட்டோம்ல? பிடிங்கடி கைய!"

நூல்கள் வளைந்து நுழைந்து ஒன்றையொன்று பின்னிக்கொண்டன.

எறும்புகள் துளைத்தன. சாறு வழியவில்லை. இழுத்தன, நூலாக நீண்டது, விட்டதும் காய்க்குள்ளேயே திரும்பியது. எறும்புகளின் கால்கள்தான் அதில் ஒட்டிக்கொண்டன.

"ராணி சொல்றேன், ஓடுங்கடி!" என்று செங்கொடுக்கி நூல்களைப் பார்த்துக் கத்தினாள்.

"ஓட மாட்டோம்" என்றாள் நீளி. "எங்கள நெருக்கி வச்சதே நீதான். பிரிக்கணும்னா, பிடுங்குன தண்ணிய எல்லாம் திருப்பி ஊத்து."

ராணிக்கு மத்தளம் போல இரண்டு பக்கமும் இடி. படையை மீட்க வேறு வழியில்லாமல் வேரடைப்பைத் திறந்தாள். தண்ணீர் ஏறியது, சாற்றின் பிடி கொஞ்சம் இளகியது. எறும்புகள் காலை உருவிக்கொண்டு ஓடின. மீதித் தண்ணீரை விதைகளே குடித்துத் தீர்த்தன. சாறு மறுபடி கெட்டியானது, நூல்கள் பிரியவே இல்லை.

கருவேலம் பிசினை எவ்வளவு கெட்டியாகக் கரைத்தாலும் அது இன்றைக்கும் பணிந்து ஓடுகிறது. வெண்டைக்காயோ அன்று முதல்தான், கத்தியே வந்து நறுக்கினாலும், பிடித்த கையை விடாமல் நூலாக நீண்டு கூடவே வருகிறது.