இடைவேளை இல்லாத கூடம்

இதற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆகவே நடந்ததை நடந்தபடியே வைக்கிறேன்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலை. தகட்டை அழுத்தி வண்டிப் பாகங்கள் செய்யும் பிரஸ் இயந்திரங்கள் இரண்டு கூடங்களில் ஓடின. கொஞ்சம் கண் அயர்ந்தால் விரல் போய்விடும். சிலருக்குப் போயும் இருந்தது. அதனால் நிர்வாகம் இரண்டு உளவியலாளர்களை வேலைக்கு வைத்தது. மங்கையர்க்கரசி ஆராய்ச்சியாளர், விபத்து ஏன் நடக்கிறது, எதனால் குறையும் என்று கண்டறிவது அவர் பொறுப்பு. தணிகாசலம் தொழிலாளர்களோடு இருந்து, அவர்கள் குறையைக் கேட்டு உடனே ஆவன செய்பவர்.

மணிக்கொரு தரம் சற்று ஓய்வு கொடுத்தால் விபத்து குறையுமா என்று மங்கை ஒரு சோதனை தொடங்கினார். முதல் கூடத்துக்கு ஓய்வு உண்டு. இரண்டாம் கூடம் பழையபடி ஓடும். வருடக் கடைசியில் ஒப்பிட்டுப் பார்த்து, பலன் தெரிந்தால் தன் எல்லா ஆலைகளிலும் ஓய்வு தருவதாக நிர்வாகம் ஒப்புக்கொண்டிருந்தது.

இரண்டாம் கூடத்தில் ஜெசிந்தா வேலை பார்த்தாள். ஒருநாள் பிற்பகல் இயந்திரம் அவள் கையுறையின் நுனியைக் கவ்வியது. விரல் தப்பியது மயிரிழையில்.

மறுநாள் தணிகாசலத்திடம் வந்தாள். "சார், மிஷின் இறங்குறப்பல்லாம் விரல் இருக்கான்னு பாத்துக்கிறேன். சோறு பெசையும்போதுகூட கை நடுங்குது. எங்களுக்கும் அந்த ரெஸ்ட குடுங்க சார்."

அவர் மங்கையிடம் ஓடினார். "சோதனைய நிறுத்திட்டு எல்லாருக்கும் ரெஸ்ட் குடுத்துடலாம் மேடம். அடுத்த தடவ கிளவுஸோட போகாது."

மங்கை விபத்துக் குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா முதல் ஷெட்லயும் ஒருத்தருக்கு இதே மாதிரி ஆச்சு, ரெஸ்ட் முடிஞ்சு வந்த உடனே. ரெஸ்ட் காப்பாத்துதா, அவசரப்பட வைக்குதான்னே இன்னும் தெரியல. பாதியில விட்டா எந்த ஆலைக்கும் ஒண்ணும் கிடைக்காது."

தணிகாசலம் மறுநாளிலிருந்து பாதுகாப்பு பற்றிப் பேசுவதாக மேற்பார்வையாளரிடம் சொல்லி, மணிக்கொரு தரம் இரண்டாம் கூடத்து இயந்திரங்களை நிறுத்தி எல்லோரையும் உட்கார வைத்தார். "மேடத்துக்குத் தெரிய வேணாம்மா" என்றார். ஜெசிந்தா தலையாட்டினாள். அவள் கை நடுக்கம் மெல்ல நின்றது.

வருடம் முடிந்தது. இரண்டு கூடங்களிலும் விபத்து ஒரே அளவில் குறைந்திருந்தது.

"ஓய்வு இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதானே?" என்றார் மேனேஜர். "ரெண்டு ஷெட்டுக்கும் புது கிளவுஸ் குடுத்தோம், அதுல குறைஞ்சிருக்கு. இனிமே யாருக்கும் ஓய்வு வேணாம்."

வேலை போகும் என்று பயந்து தணிகாசலம் உண்மையைச் சொல்லவில்லை; பாதுகாப்புப் பேச்சையும் நிறுத்திவிட்டார். இரண்டு கூடங்களும் இடைவிடாமல் ஓடத் தொடங்கின. சில நாட்களில் முதல் கூடத்துக் குப்புராஜின் இரண்டு விரல்கள் போயின. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியதை ஜெசிந்தா பார்த்தாள். தணிகாசலம் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சொன்னால் அவர் வேலை போகும் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். தன் வேலையும் போகலாம். ஆனாலும் அவள் மேனேஜர் அறைக்கு ஏறிப்போனாள். மங்கையும் அங்கே இருந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அன்றே தணிகாசலத்தை வேலையை விட்டு நீக்கினார்கள். "அப்ப முதல்லேருந்து செய்ங்க" என்றார் மேனேஜர், மங்கையிடம். அதாவது, மறுபடியும் ஒரு கூடம் ஓய்வில்லாமல் ஓட வேண்டும்.

உண்மை தெரியும்வரை பொறுக்கச் சொன்ன மங்கை, கண்ணெதிரே நின்றவளைக் காப்பாற்றிய தணிகாசலம், காப்பாற்றியவரையே காட்டிக்கொடுத்த ஜெசிந்தா. இதில் யார் செய்தது சரி?

என்னைக் கேட்டால், ஜெசிந்தா செய்ததே சரி. தணிகாசலத்தின் இரக்கத்தில் குற்றமில்லை. அதை மறைத்ததால் பொய் ஒன்று உண்மையாகிவிட்டது, குப்புராஜின் கை அதற்குப் பலியானது. மங்கை தெரிந்துகொள்ள நினைத்ததும் நியாயம்தான்; ஆனால் ஆபத்தில் நிற்கப்போகிறவர்களின் சம்மதத்தை அவர் கேட்கவேயில்லை. ஜெசிந்தா ஒருத்திதான் பயத்தோடே போய், தனக்கு வரும் கேட்டையும் தெரிந்து, வெளிப்படையாகப் பேசினாள். இரண்டாம் முறை சோதனை தொடங்குமுன் மங்கை, ஓய்வில்லாமல் ஓடப்போகும் இரண்டாம் கூடத்துக்கு வந்து எல்லாவற்றையும் விளக்கி, விருப்பமில்லாதவர்கள் ஓய்வு உள்ள முதல் கூடத்துக்குப் போகலாம் என்றார். முதல் ஆளாக ஜெசிந்தா தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு முதல் கூடத்துக்கு நடந்தாள்.